ஒரே விலாசத்தில் திருடனும் நாங்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோஸ்டாட், லேமினேட், டாப்-அப், பாஸ்போர்ட் படம். பலகையில் எழுதாத வியாபாரம் ஒன்றும் உண்டு: பாரம் நிரப்பித் தருவது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டம் கைமாறிய பிறகு தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஐசி எண்ணை, அதாவது அடையாள அட்டை எண்ணைச் சொல்வார்கள், நான் தட்டுவேன். அரசாங்கம் எதையாவது அறிவித்துவிட்டால் மறுநாள் கடை முன்னால் அஞ்சடியில் நிற்க இடம் இருக்காது.

2025 ஜூலையில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் ஆளுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்), சாரா என்ற அரசாங்க உதவியாக என்று அறிவித்தார். பாரம் கிடையாது, பதிவு கிடையாது. பணம் தானாக அடையாள அட்டையான மைகார்டில் ஏறிவிடும், ஆகஸ்டு 31 முதல் கடையில் சாமான் வாங்கிக்கொள்ளலாம். இதைவிடச் சுலபமாக ஒரு உதவியைக் கொடுக்க முடியாது. அப்படியும் என் கடைக்கு வந்தவர்களில் பலர் கையில் ஒரு லிங்கோடு வந்தார்கள். "மா, இதுல பதிஞ்சாத்தான் காசு வருமாம். கொஞ்சம் தட்டிக் குடு."

யார் அனுப்பியது என்று கேட்பேன். கோயில் தலைவர், சம்பந்தி, பழைய தண்டல், மகளிர் குழுவில் இருக்கும் அக்கா. முகம் தெரியாத எவனோ அனுப்பினான் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மோசடியின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது.

அந்த மாதிரிப் பக்கங்களைக் கடைக் கணினியில் திறந்து பார்த்திருக்கிறேன். மேலே தேசியக் கொடி ஜாலூர் கெமிலாங், அமைச்சின் சின்னம், பிரதமர் படம். பெயர் கேட்கும், ஐசி கேட்கும், மாநிலம் கேட்கும். அதுவரை சந்தேகப்பட ஒன்றும் இல்லை; உண்மையான பாரமும் இதையெல்லாம் கேட்பதுதான். அடுத்த பக்கத்தில் டெலிகிராம் எண். கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் டெலிகிராமிலிருந்து ஐந்து இலக்க எண் ஒன்று போனுக்கு வரும். "உறுதி செய்ய" அதையும் போடச் சொல்லும். போட்டதும், எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் தன் போனில் உங்கள் டெலிகிராமுக்குள் நுழைந்துவிடுவான். பிறகு உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, உங்கள் தொடர்பிலிருக்கும் அத்தனை பேருக்கும் அதே லிங்க் போகும். அது ஓய்ந்ததும், "அவசரமா 500 வெள்ளி வேணும், நாளைக்குத் தந்துர்றேன்" என்று தெரிந்த சிலருக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி. கோயில் தலைவர் லிங்க் அனுப்பியது இப்படித்தான். அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

வங்கிப் பெயர்களை வரிசையாகப் போட்டு, உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்ளும் பக்கங்கள் வேறு. வீடு கூட்டித் துடைக்க மலிவு விலையில் ஆள் என்று விளம்பரம் போட்டு, பதிவு செய்ய ஒரு ஏபிகே செயலியை இறக்கச் சொல்லும் கூட்டமும் உண்டு. இறக்கினால் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியை அந்தச் செயலி நமக்கு முன்னால் படித்துவிடும். வங்கிகள் குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டுச் செயலி வழி உறுதிப்படுத்தலுக்கு மாற வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் சொன்னதற்கு இதெல்லாம்தான் காரணம். வயதானவர்கள் அந்த மாற்றத்துக்கு என்னைத் திட்டினார்கள். நான் என்ன செய்ய, நான் பேங்க் நெகாராவா?

குறுஞ்செய்தியைப் பொறுத்தவரை அரசாங்கம் கதவை நேராகவே சாத்தியது. 2023 மே 2 முதல், லிங்க் உள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கும்படி தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி உத்தரவு போட்டது. படிப்படியாக இறுக்கி, 2024 செப்டம்பர் 1-இலிருந்து நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியிலும் லிங்க் கூடாது என்றாகிவிட்டது. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. குறுஞ்செய்தியில் யாரும் சரித்திரம் எழுதுவதில்லை, குடும்பப் படம் பகிர்வதில்லை. மோசடிக்காரனும் அழுதுகொண்டு நிற்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு சமூக ஊடகத்துக்கும் புலனம் என்கிற வாட்ஸ்அப்புக்கும் வந்து சேர்ந்தான். நான் சொல்ல வந்த விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புலனத்தில் 2016 முதல் செய்தி இரு முனையிலும் பூட்டப்பட்டுத்தான் போகிறது. நடுவில் நிறுவனமே படிக்க முடியாது. ஆகவே இந்த லிங்க் ஆகாது என்று வழியில் பிடித்து நிறுத்துவது அங்கே கஷ்டம். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு, அல்லது ஐந்து குழுவுக்கு மேல் தள்ளிவிட முடியாது என்று 2019 ஜனவரியில் உலகம் முழுக்க ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. முகநூல், எக்ஸ் போன்ற திறந்த தளங்களின் கதை வேறு. அங்கே ஒரு வெளி லிங்கைத் தொட்டால் நேராக அந்தப் பக்கத்துக்குப் போகமாட்டீர்கள். முதலில் அவர்களுடைய சொந்த முகவரி ஒன்றுக்குப் போய், அங்கே ஒரு தடைப்பட்டியலோடு ஒப்பிட்ட பிறகுதான் வெளியே விடுவார்கள். பதிவில் லிங்கை ஒட்டும்போதே இன்னொரு சோதனை. பட்டியலில் பெயர் இருந்தால் பதிவு ஏறாது. ஏற்கெனவே ஏறியவையும் ஒரே இரவில் காணாமல் போகும்.

எங்கள் பள்ளிப் பக்கம் அப்படித்தான் போனது.

நாங்கள் படித்த தோட்டப் பள்ளி இப்போது அந்த இடத்தில் இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனை போட்ட நிலத்தில் பாதி வீடமைப்புக்குப் போனது, லயங்கள் இடிபட்டன. முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினோம். பழைய விளையாட்டுப் போட்டிப் படங்கள், ஆசிரியர்கள் வரிசையாக நின்று எடுத்த படம், எந்தக் குடும்பம் எந்த லயத்தில் இருந்தது, பிறகு எங்கே போனது என்ற பட்டியல், அவசரகாலத்தைக் கண்ட பெரியவர்களின் பேச்சை எழுத்தாக்கியவை. எங்கள் வட்டாரத்துக்கு அந்தக் கடைசிப் பகுதி முக்கியம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டதை ஒட்டித்தான் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சரித்திரப் புத்தகத்தில் துரைகளின் பெயர் இருக்கிறது. அன்றைக்கு லயத்தில் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள், எங்கே ஓடினார்கள் என்பது அதில் இல்லை. கொஞ்சமாவது எங்கள் பக்கத்தில் இருந்தது.

காசு கொடுத்து ஒரு பெயர் வாங்கும் யோசனை அப்போது யாருக்கும் வரவில்லை. இலவசமாக இடம் தரும் ஒரு சேவையில் ஏற்றினோம். இலவசச் சேவை என்றால் முகவரி எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான்: முன்னால் உங்கள் பெயர், ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் அந்தச் சேவையின் பெயர். லட்சக்கணக்கானவர்களுக்குப் பின்பாதி ஒன்றே.

ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். "அக்கா, நம்ம ஸ்கூல் லிங்க் போட்டா செவப்பா எச்சரிக்கை வருது. நீங்க ஏதாச்சும் மாத்துனீங்களா?" எதையும் மாற்றவில்லை. எங்கள் ஆட்கள் நாள் முழுக்கக் கிடக்கும் ஒரு சமூக ஊடகம் அது; பெயர் வேண்டாம். பதிவை ஏற்ற முயன்றால் "இந்த லிங்க் எங்கள் சமூக விதிகளுக்கு எதிரானது" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வந்தது. முன்னாள் மாணவர் குழுவில் வருடக்கணக்காகப் போட்டு வைத்திருந்த பதிவுகள் ஒவ்வொன்றாக மறைந்திருந்தன. அதோடு பதிவுகளின் கீழே இருந்த பின்னூட்டங்களும் போய்விட்டன. படத்தில் இருப்பது யார், இவர் இன்னாரின் அண்ணன், அவர் இறந்துவிட்டார், இந்தப் பெண் இப்போது கிள்ளானில் இருக்கிறாள் என்று ஆளுக்கொன்றாக எழுதியவை அவை. படங்கள் எங்களிடம் இருந்தன. அந்தப் பேச்சுக்கு வேறு பிரதி எங்கும் கிடையாது.

என்ன நடந்தது என்று தேடிப் பார்த்ததில் விஷயம் எளியதாகத்தான் இருந்தது. அதே இலவசச் சேவையில் மோசடிக்காரர்களும் பக்கம் திறந்திருக்கிறார்கள். காசு வேண்டாம், ஐசி வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும் என்றால் நமக்கு எது வசதியோ அவனுக்கும் அதுவே வசதி. சமூக ஊடகம் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து ஒதுக்காமல், பின்பாதிப் பெயரை மொத்தமாகத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் ஒரே விலாசம். வீட்டு எண் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், கிராணியிடம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டணத்துக் கடையில் 555 புத்தகத்தில் கணக்கு எழுதிச் சாமான் எடுப்போம். தோட்டத்தில் எவனோ ஒருவன் கடனை அடைக்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டால் கடை முதலாளி தவுக்கே என்ன செய்வார்? அந்தத் தோட்டத்து ஆள் யார் போனாலும் புத்தகத்தை மூடிவிடுவார். அவர் மேலும் தப்பு சொல்ல முடியாது. முகம் பார்த்துப் பிரித்தறிய அவருக்கு நேரமில்லை. ஓடிப்போனவனுக்கு ஒன்றுமில்லை, அடுத்த பட்டணத்தில் வேறு கடை. இங்கேயே இருப்பவனுக்குத்தான் அரிசி இல்லை.

ஆனால் தவுக்கே ஒரு ஆள். கணினிக்கு முகம் பார்த்துப் பிரித்தறியத் தெரியாது என்பது உண்மையல்ல. கூகுளின் பாதுகாப்பு உலாவல் சேவை கெட்ட பக்கங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு உலாவியில் சிவப்புத் திரை காட்டுகிறதே, அது முழுத் தளத்தையும் தடுக்கலாம், ஒரு தளத்துக்குள் இருக்கும் ஒரே ஒரு அடைவையும் தடுக்கலாம், ஒற்றைப் பக்கத்தையும் தடுக்கலாம். இன்னொன்று, மோசில்லா தொடங்கிவைத்த பொதுப் பின்னொட்டுப் பட்டியல். எந்தெந்தப் பெயர்களுக்குக் கீழே தனித்தனி ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று சொல்லும் பட்டியல் அது. பிளாக்ஸ்பாட் அதில் இருக்கிறது, கிட்ஹப் பக்கங்களுக்கான பெயரும் இருக்கிறது. இந்தப் பெயருக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள், ஒருவனுடைய குக்கீயை, அதாவது உலாவியில் அவன் தளம் விட்டுவைக்கும் குறிப்பை, அடுத்தவனிடம் கொடுக்காதே என்று உலாவிகளுக்கு அது கற்றுக்கொடுக்கிறது. எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசு கிடையாது. பெரிய நிறுவனங்களுக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டும். நம் எழுத்து எத்தனை பேருடையது சொந்தப் பெயரில் இருக்கிறது? வலைப்பதிவு பெருகிய காலத்திலிருந்து இலவச இடங்களில்தான் பெரும்பாலும் எழுதி வந்திருக்கிறோம். தோட்ட வரலாறு, கோயில் வரலாறு, தாத்தாவின் கப்பல் பயணம், சங்கத்தின் ஆண்டறிக்கை எல்லாம் யாரோ கொடுத்த திண்ணையில்தான். ஒரு பின்பாதிப் பெயர் பட்டியலில் ஏறினால் எத்தனை போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஊர் பெயரே கெட்டுப்போன கதையும் உண்டு. பசிபிக் கடலில் டோக்கெலாவ் என்ற தீவுக்கூட்டம், சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழும் இடம். அதற்கு டாட் டிகே என்ற இணையப் பின்னொட்டு உண்டு. ஃப்ரீனாம் என்ற நிறுவனம் அதையும், மாலி, காபோன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவடோரியல் கினி ஆகிய நாடுகளின் பின்னொட்டுகளையும் இலவசமாக அள்ளி வீசியது. மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கேட்க ஆளில்லாத அந்தச் சின்னத் தீவின் பெயரைப் பார்த்தாலே வடிகட்டிகள் சந்தேகப்படும் நிலைமை வந்தது. மெட்டா நிறுவனம் வழக்குப் போட்டது. 2023-இல் ஃப்ரீனாம் புதுப் பெயர் கொடுப்பதை நிறுத்தியது, 2024 பிப்ரவரியில் சமரசம் செய்துகொண்டு பெயர் வியாபாரத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது. அந்த வழக்கில் நான் மெட்டா பக்கம்தான். வேரைப் பிடித்து ஆட்டினார்கள். எங்களுக்கு நடந்தது மாதிரி, பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு அடைப்பதற்கும் அதற்கும் நிறைய தூரம்.

சரி, கண்ணை மூடிக்கொண்டு அடைத்தால் மோசடியாவது நிற்குமா? 2020-இல் யூசனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு, போலிப் பக்கங்களின் முழு ஆயுளையும் அளந்து பார்த்தது. முதல் ஆள் வந்து விழுவதிலிருந்து கடைசி ஆள் வரை சராசரியாக 21 மணி நேரம். அந்தப் பக்கம் மோசமானது என்று பாதுகாப்பு அமைப்புகள் கண்டுபிடிப்பது, முதல் ஆள் வந்து சராசரியாக 9 மணி நேரம் கழித்து. பட்டியலில் பெயர் ஏறும்போது பாதிக்கு மேல் அறுவடை முடிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். மோசடிக்காரன் இன்னொரு வேலையும் செய்வான்: சமூக ஊடகத்தின் சோதனை இயந்திரம் எட்டிப் பார்த்தால் சமையல் குறிப்பு காட்டுவான், மலேசியப் போன் ஒன்று வந்தால் மட்டும் உதவித்தொகைப் பாரத்தைக் காட்டுவான். அவன் பக்கம் சோதனையில் தேறிவிடும். நாலு வருடமாக ஒரே இடத்தில், ஒரே பெயரில், ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடப் பக்கம்தான் சுலபமாகக் கைக்கு அகப்படும்.

தவறான தடை எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2020 மார்ச்சில், உலகம் முழுக்கக் கொரோனா செய்தி தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நல்ல செய்தித்தளங்களின் லிங்குகளையே முகநூல் குப்பை என்று நீக்கியது. குப்பை வடிகட்டும் அமைப்பில் ஒரு பிழை என்று பிறகு சொன்னார்கள். 2024 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் ரிஃப்ளெக்டர் என்ற லாப நோக்கமற்ற செய்தித்தளத்தின் லிங்குகள் மொத்தமும் முகநூலிலிருந்து காணாமல் போயின. முகநூலைக் குறைசொல்லும் ஒரு கட்டுரையை அந்தத் தளம் வெளியிட்டிருந்த நேரம் அது. அதே கட்டுரையை மறுபதிப்புச் செய்த மற்றத் தளங்களும் மாட்டிக்கொண்டன. பாதுகாப்புப் பிழை, கட்டுரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மெட்டா மன்னிப்புக் கேட்டது. கவனியுங்கள்: அவர்களிடம் ஆசிரியர் குழு இருந்தது, மற்றப் பத்திரிகைகள் அதைச் செய்தியாக்கின, அதனால் சீக்கிரம் சரியானது. சுங்கை சிப்புட் முன்னாள் மாணவர்களுக்காக எந்தப் பத்திரிகை தலையங்கம் எழுதப்போகிறது?

மேல்முறையீடு செய்தோம். ஒரு பொத்தான், அதில் ஒரு பெட்டி. எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற பட்டியலில் "திருடன் என் பக்கத்து வீட்டுக்காரன்" என்று ஒன்று இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினோம். உங்கள் கருத்துக்கு நன்றி என்று தானியங்கிப் பதில் ஒன்று. அதற்கப்புறம் மௌனம்.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது பிற்பாடுதான். 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் மெட்டாவின் உள் ஆவணங்களை வைத்து ஒரு செய்தி வெளியிட்டது. 2024-இல் தங்கள் வருமானத்தில் சுமார் 10 விழுக்காடு, ஏறக்குறைய 1,600 கோடி அமெரிக்க டாலர், மோசடி விளம்பரங்களாலும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களாலும் வரும் என்று அந்த நிறுவனமே கணித்திருந்ததாம். விளம்பரம் கொடுப்பவன் மோசடிக்காரன் என்று குறைந்தது 95 விழுக்காடு உறுதி இருந்தால்தான் அவனைத் தடை செய்வார்கள். சந்தேகம் அதற்குக் குறைவாக இருந்தால் அவனிடம் விளம்பரக் கட்டணத்தைக் கூட்டி வாங்குவார்கள். அந்தக் கணக்கு தோராயமானது, தேவைக்கு மேல் பலதையும் சேர்த்துக்கொண்டது என்று மெட்டா மறுப்புச் சொன்னது. இருக்கட்டும். 95 என்ற எண்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. காசு கொடுப்பவன் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயம் வேண்டும். எந்தத் தளமாக இருந்தாலும், காசு கொடுக்காத ஓர் ஊர்ப் பக்கத்தை அடைக்க எத்தனை விழுக்காடு பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னால் நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் ஒரு நாள் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டே நின்றார். தோட்டத்தில் உரம் போட்டு, மருந்தடித்து ஓய்வுபெற்றவர். சேமநிதியில் மிச்சமிருந்ததை ஒரு போலி வங்கிப் பக்கத்தில் தொலைத்தவர். அன்றைக்கு என் கடையிலிருந்துதான் 997-க்கு அழைத்தோம். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் கணக்குகளை நிறுத்திவைக்க முடியும். அவர் சொல்ல வந்ததே மறுநாள். மகனுக்குத் தெரிந்தால் ஏசுவான் என்று ஒரு ராத்திரி முழுக்க மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பணம் யார் யார் கணக்கிலோ தாவி முடிந்திருந்தது.

"என்னா மா நீ," என்றார். "படம் போனா போவுது. எல்லாத்தையும் மொத்தமா அடைச்சிருந்தா என் காசு இருந்திருக்கும்ல?"

அவரிடம் பொதுப் பின்னொட்டுப் பட்டியலைப் பற்றிப் பேச முடியுமா? அவருடைய கேள்வி நியாயமானது. பள்ளிக்கூடப் படத்தையும் ஒரு தொழிலாளியின் முப்பது வருடக் காசையும் தராசில் வைத்தால் நானும் காசுப் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அவரை வீழ்த்திய பக்கம் எந்த இலவச இடத்திலும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பெயர் அது, வங்கிப் பெயரில் ஒரு எழுத்து மாற்றம், பூட்டுச் சின்னம் எல்லாம் முறையாக இருந்தது. அவர் கண்ணில் அது பட்டது ஒரு விளம்பரமாக. மொத்தமாக அடைத்திருந்தாலும் அது அடைபட்டிருக்காது. இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வெளம்பரத்தைத்தான் அடைக்கணும்," என்றார். பல கூட்டங்கள் போட்டு நிபுணர்கள் வந்து சேரும் இடத்துக்கு அவர் நின்ற நிலையில் வந்துவிட்டார்.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் சமூக ஊடகமும் செய்திச் செயலியும் 2025 ஜனவரி 1 முதல் உரிமம் எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. இணையப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. நிதி மோசடி அதில் முக்கியமாகக் கவனிக்கப்படும் தீங்குகளில் ஒன்று. எனக்குப் பயம் வேறு இடத்தில். அடைக்காமல் விட்டால் அபராதம் என்று சட்டம் மிரட்டும்போது, தப்பாக அடைத்ததற்கு யாரும் கேட்க மாட்டார்கள் என்றால், நிறுவனம் எந்தப் பக்கம் சாயும்? கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அடைத்துவிட்டுப் போய்விடும். அதுவும் அடைப்பது யாரை? விளம்பரக்காரன் வருமானம், இலவசப் பக்கம் வெறும் சுமை. 2024 செப்டம்பரில் எல்லாருடைய டிஎன்எஸ் தேடலையும், அதாவது தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைக் கண்டுபிடிக்கும் தேடலை, உள்ளூர் இணைய நிறுவனங்களின் வழியாகத் திருப்பிவிடும் திட்டம் ஒன்று வந்தது. கெட்ட தளங்களைத் தடுக்க என்றுதான் சொன்னார்கள். ஜனங்கள் சத்தம் போட்டதும் அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். சத்தம் போட்டால் கேட்கிறார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி. பக்கம் அடைபட்டால் எந்த மோசடிப் பக்கத்தின் காரணமாக, எந்த நாளில் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், மலாயிலோ தமிழிலோ எழுதினால் படிக்க ஒரு மனிதர் இருக்க வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வர வேண்டும். உரிமத்தில் இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் குடி முழுகிவிடாது.

எங்கள் பக்கத்தின் தடை நீங்கியதா என்று கேட்பீர்கள். நீங்கியது, யாரும் சொல்லாமலே. ஒரு காலையில் லிங்க் வேலை செய்தது. அழிந்த பதிவுகளும் பின்னூட்டங்களும் திரும்பவில்லை. அதற்குள் அந்த இலவசச் சேவையே, மோசடிக்காரர்களைத் துரத்தி முடியாமல், இலவசத்தை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. முன்னாள் மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டாட் எம்ஒய் என்று முடியும் சொந்தப் பெயர் ஒன்றை வாங்கினோம். அதிலும் ஒரு வேடிக்கை. வடிகட்டிகளுக்குப் புதிதாகப் பதிவான பெயர் என்றாலே ஆகாது, மோசடிக்காரன் தினம் புதுப் பெயர் வாங்குகிறான் அல்லவா. ஆக, பழைய விலாசத்தில் இருந்தால் கூட்டாளி தோஷம், புது விலாசத்துக்கு வந்தால் வந்தேறி தோஷம்.

இதற்கு நடுவில் பள்ளியின் நினைவு மலர் அச்சாகி வந்துவிட்டது. பின்னட்டையில் பெரிதாக ஒரு க்யூஆர் குறியீடு, அது போவது பழைய விலாசத்துக்கு. மறுபடி அச்சடிக்கக் காசில்லை. புது விலாசத்துக்கான க்யூஆரைச் சின்ன ஒட்டுத்தாளில் அச்சிட்டு, கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு மலரிலும் பழையதன் மேல் ஒட்டினோம்.

ஒன்றுகூடல் அன்று மலர் வாங்கிய பழைய கிராணி ஐயா, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பின்னட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "என்னா மா இது, மேல ஒட்டியிருக்கு?"

"ஐயா, விலாசம் மாறிடுச்சு. அதனால நாங்கதான் ஒட்டினோம்."

"ஒட்டுன க்யூஆரைத் தட்டாதீங்கன்னு உன் கடைக் கண்ணாடியில நீயே எழுதிப் போட்டிருக்கியே?"

போட்டிருக்கிறேன். உணவுக்கடைகளில் கடைக்காரருடைய குறியீட்டின் மேல் தங்கள் குறியீட்டை ஒட்டிக் காசு பறிக்கும் கூட்டத்துக்காகப் போட்டது. நாங்கள் ஐந்தாறு பேர் நின்று உண்மையைச் சொன்னோம், செயலாளர் சொன்னார், தலைமையாசிரியராக இருந்தவரே வந்து சொன்னார். ஐயா அசையவில்லை. முழு விலாசத்தையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, போனில் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தட்டினார். நடுவில் ஒரு புள்ளியை விட்டுவிட்டார். அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.